உடலியல் கேள்வி-பதில்: உமிழ்நீருக்குக் கால்சியம் எதற்கு?

சென்ற இதழில் வாய் வறட்சி பற்றிய ஒரு பதிலில், "கால்சியம் இல்லாமல் உமிழ்நீர் ஒழுங்காகச் சுரக்காது" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. என் ஆய்வுக்காலம் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பி செல்களோடுதான் கழிந்தது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு தினமும் ஒரு கால்சியம் மாத்திரை போட ஆரம்பித்திருக்கிறேன். எனக்கு 2 வருடமாக வாய் வறட்சி. எத்தனை நாளில் குணம் தெரியும்?

பதில்: அந்த மாத்திரையால் தெரியாது. எலும்புக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்றால் தொடருங்கள். வாய் வறட்சிக்காக நீங்களாகவே ஆரம்பித்தது என்றால் நிறுத்திவிடுங்கள்.

உமிழ்நீர் சுரப்பதைத் தீர்மானிப்பது நீங்கள் சாப்பிடும் கால்சியத்தின் அளவு அல்ல. ரத்தத்தில் கால்சியம் கூடாமலும் குறையாமலும் பாராதைராய்டு ஹார்மோன் பார்த்துக்கொள்கிறது. சுரப்பி செல்லுக்கு வெளியே, லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் அளவுக்குக் கரைந்த கால்சியம் எப்போதும் இருக்கும். செல்லுக்கு உள்ளே, ஓய்வு நேரத்தில், அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வைச் செல் தன் சக்தியைச் செலவழித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நரம்பு உத்தரவு கொடுத்ததும் உள்ளே கால்சியம் சில நொடிகளுக்குச் சட்டென ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் "சுரக்கத் தொடங்கு" என்னும் கட்டளை. வெளியே ஏற்கனவே பத்தாயிரம் மடங்கு இருக்கும்போது, மாத்திரையால் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அந்தக் கட்டளை பலமாகிவிடாது.

2 வருட வறட்சி என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கீழே உள்ள மற்றப் பதில்களையும் படித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பாடத்தில் கால்சியம் என்றால் எலும்பு, பல், தசைச் சுருக்கம், ரத்தம் உறைதல் என்றுதான் இருக்கிறது. உமிழ்நீரில் அதற்கு என்ன வேலை? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். – உயிரியல் மாணவி

பதில்: சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் செல்களில் தண்ணீரை இறைக்கும் பம்பு என்று தனியாக எதுவும் கிடையாது. செல்லால் செய்ய முடிந்தது உப்பை நகர்த்துவதுதான். உப்பு எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கம் சவ்வூடு பரவலால் தண்ணீர் தானாகப் போகும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில் 99 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். அத்தனையும் உப்பின் பின்னால் வந்ததுதான். எனவே உங்கள் கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: எப்போது உப்பை வெளியே விடுவது என்று சுரப்பிக்கு யார் சொல்கிறார்கள்?

சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தால் திராட்சைக் கொத்து போல இருக்கும். ஒவ்வொரு பழத்திலும் சில செல்கள் ஒரு மிக நுண்ணிய குழியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இந்தப் பழத்துக்கு அசினஸ் என்று பெயர். காம்புகள்தான் நாளங்கள். அசினஸில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முகங்கள். ரத்தக் குழாய்களைப் பார்த்திருப்பது அடிப்பக்கம். நடுக்குழியைப் பார்த்திருப்பது உச்சிப்பக்கம். இந்த இரண்டு பக்கச் சவ்வுகளிலும் வேறு வேறு புரதங்கள் பதிந்திருக்கின்றன. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அடிப்பக்கத்தில் என்கேசிசி1 என்றொரு கடத்தி. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு அயனிகளைச் சேர்த்து ஒரே தடவையில் உள்ளே கொண்டுவரும். அதற்கு வேண்டிய சக்தி, பக்கத்தில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பிலிருந்து வருகிறது. பம்பு சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் சோடியம் திரும்ப உள்ளே வர ஆசைப்படுகிறது. வரும்போது குளோரைடையும் இழுத்து வருகிறது. இப்படி ஓய்வு நேரத்திலேயே செல்லுக்குள் குளோரைடு நிரம்பிவிடுகிறது. ஆனால் உச்சிப்பக்கத்தில் வழி மூடியிருக்கிறது.

இப்போது நாக்கில் ஏதோ ஒரு சுவை படுகிறது. செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து பாராசிம்பதெட்டிக் நரம்பு (ஓய்வு, செரிமானம் போன்ற வேலைகளைத் தானாக நடத்தும் நரம்பு) வழியாகச் சுரப்பிக்கு வருகிறது. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதரை விடுகிறது. அது செல்லின் அடிப்பக்கத்தில் இருக்கும் மஸ்கரினிக் ஏற்பிகளில் (அந்தச் செய்தியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில்), முக்கியமாக எம்3 என்ற வகையில், போய் ஒட்டுகிறது. ஏற்பி ஒரு ஜி-புரதத்தை எழுப்ப, அது ஃபாஸ்ஃபோலிபேஸ் சி என்ற நொதியை எழுப்ப, அந்த நொதி சவ்வில் இருக்கும் பிஐபி2 என்ற கொழுப்பை வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளில் ஒன்றுதான் ஐபி3. நீரில் கரையும் சிறிய மூலக்கூறு, அதனால் செல்லுக்குள் வேகமாகப் பரவும்.

ஐபி3 போய்ச் சேரும் இடம் எண்டோபிளாச வலைப்பின்னல். அதுதான் செல்லின் கால்சியக் கிடங்கு. அதன் மேல் இருக்கும் ஐபி3 ஏற்பிகளே கால்சியம் வெளியேறும் வழிகளும்கூட. அந்த ஏற்பிகள் செல் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. உச்சிப்பக்கச் சவ்வை ஒட்டிக் கூட்டமாக இருக்கின்றன. நரம்பு தொட்டது அடிப்பக்கத்தை. கால்சியம் முதலில் எழுவது எதிர்ப்பக்கத்தில். எத்தனை தடவை படித்தாலும், பாடம் எடுத்தாலும், எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஏன் அங்கே எழ வேண்டும்? ஏனென்றால் குளோரைடின் வெளிவாசல் அங்கேதான் இருக்கிறது. டிஎம்இஎம்16ஏ என்ற அயனிக் கால்வாய். கால்சியம் வந்து ஒட்டினால்தான் திறக்கும். திறந்ததும், உள்ளே நிரம்பிக் காத்திருந்த குளோரைடு குழிக்குள் பாய்கிறது.

இதோடு முடிந்தால் ஓட்டம் உடனே நின்றுவிடும். எதிர்மின் ஏற்றமுள்ள குளோரைடு வெளியேற வெளியேற, செல்லின் உட்புறம் நேர்மின் பக்கம் சாயும். அப்புறம் மீதி குளோரைடு வெளியேற மறுக்கும். அதைச் சரிசெய்யக் கால்சியத்துக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. அதே கால்சியம் பொட்டாசியக் கால்வாய்களையும் திறக்க வைக்கிறது. பொட்டாசியம் வெளியே போய் மின்னழுத்தத்தைப் பழைய நிலையில் பிடித்து வைக்க, குளோரைடு தொடர்ந்து பாய்கிறது. குழிக்குள் குளோரைடு சேர்ந்ததும், அதன் எதிர்மின் ஏற்றம் செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாகச் சோடியத்தை இழுக்கிறது. சோடியமும் குளோரைடும் சேர்ந்தால் உப்பு. உப்பின் பின்னால் தண்ணீர், பெரும்பாலும் அக்வாபோரின்-5 என்ற நீர்க்கால்வாய் வழியாக.

இந்த நேரத்தில் செல் பொட்டாசியத்தையும் குளோரைடையும் இழப்பதால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்குகிறது. கால்சியம் ஏறும்போது செல் சுருங்குவதையும், இறங்கும்போது பழைய அளவுக்குத் திரும்புவதையும் 1989-ல் ஃபாஸ்கெட், மெல்வின் இருவரும் ஒரே செல்லில் அளந்து காட்டினார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. கிடங்கு சிறியது, சீக்கிரம் காலியாகிவிடும். காலியாகிவிட்டது என்பதை அறிய அதன் சவ்விலேயே ஸ்டிம்1 என்ற புரதம் இருக்கிறது. உள்ளே கால்சியம் குறைந்ததும் ஸ்டிம்1 ஒன்றுகூடிச் செல்லின் வெளிச்சவ்வுக்கு அருகே போய் ஓராய்1 என்ற கால்வாயைத் திறக்கும். வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே வரும், கிடங்கு நிரம்பும், சுரப்பு தொடரும். செல்லுக்கு வெளியே கால்சியமே இல்லாமல் சோதனை செய்தால், சுரப்பு தொடங்கும், ஆனால் நீடிக்காது. கூடவே, ஏறிய கால்சியத்தை இறக்கும் பம்புகளும் ஓயாமல் வேலை செய்கின்றன. கால்சியம் ஏறியபடியே நின்றுவிட்டால் செல் செத்துப்போகும். செய்தி சொல்லிவிட்டு உடனே விலகவும் வேண்டும்.

இதில் எந்தக் கண்ணியை எடுத்தாலும் எச்சில் குறையும் என்பதற்கு மரபணு நீக்கிய எலிகளே சாட்சி. என்கேசிசி1 இல்லாத எலிகளிலும், அக்வாபோரின்-5 இல்லாத எலிகளிலும் உமிழ்நீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. 2-ஆம், 3-ஆம் வகை ஐபி3 ஏற்பிகள் இரண்டுமே இல்லாத எலிகளை 2005-ல் ஜப்பானில் மிகோஷிபாவின் குழு உருவாக்கியது. அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பும் கணையச் சுரப்பும் நொடித்துப்போயின. உலர்ந்த தீனியைத் தின்ன முடியவில்லை. ஈரமாகக் குழைத்துக் கொடுத்தால் பிழைத்தன. தேர்வில் ஐபி3-க்கு உதாரணம் கேட்டால் இந்த எலிகளை எழுதுங்கள்.

கேள்வி: இவ்வளவு சிக்கல் எதற்கு? ரத்தத்தின் அழுத்தத்தால் தண்ணீர் வடிந்து எச்சிலாக வருகிறது என்று சொன்னால் போதாதா?

பதில்: சிறுநீரகத்தில் முதல் கட்டம் அப்படித்தான், வடிகட்டல். உமிழ்நீரும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்ல் லுட்விக் என்ற ஜெர்மன் உடலியலாளர் ஒரு விலங்கின் கீழ்த்தாடைச் சுரப்பி நாளத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, நரம்பைத் தூண்டிப் பார்த்தார். நாளத்தில் உமிழ்நீரின் அழுத்தம், பக்கத்துத் தமனியில் ரத்த அழுத்தத்தையும் தாண்டி ஏறியது. வடிகட்டல் என்றால் இது நடக்கவே முடியாது, ஏனென்றால் குறைந்த அழுத்தத்தில் இருந்து கூடுதல் அழுத்தத்துக்குத் திரவம் தானாக வடியாது. சுரப்பி தன் சக்தியால் வேலை செய்கிறது என்பது அந்த ஒரு அளவீட்டிலேயே நிரூபணமாகிவிட்டது. எளிய கருவி, தெளிவான கேள்வி. நான் வகுப்பெடுத்த காலத்தில் ஒவ்வொரு ஆண்டும் இதில் இருந்துதான் தொடங்குவேன்.

கால்சியம் வந்தது வெகுநாள் கழித்து. 1963-ல் டக்ளஸ், பாய்ஸ்னர் இருவரும் பூனையின் சுரப்பியில், கால்சியத்தை எடுத்துவிட்டால் அசிட்டைல்கோலின் கொடுத்தும் சுரப்பு விழுந்துவிடுகிறது என்று காட்டினார்கள். நரம்பின் செய்தியும் கால்சியமும் எப்படி இணைகின்றன என்பதைக் கண்டுபிடிக்க உதவியது ஓர் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி. மைக்கேல் பெரிட்ஜ் கேம்பிரிட்ஜில் ஊதா ஈயின் சுரப்பியை வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார். செரட்டோனின் பட்டதும் அதில் ஐபி3 உடனே கூடுவதைக் கண்டார். 1983-ல் ஸ்ட்ரெப், இர்வின், ஷுல்ஸ் ஆகியோரோடு சேர்ந்து, ஐபி3-தான் கிடங்கிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது என்று கணைய செல்களில் காட்டினார். இன்று இதயம், மூளை, கருமுட்டை என்று எங்கே பார்த்தாலும் பேசப்படும் ஐபி3, ஓர் ஈயின் எச்சிலில் தொடங்கி வெளிச்சத்துக்கு வந்தது. கிடங்கு காலியானதும் வெளியிலிருந்து கால்சியம் நுழையும் என்ற கருத்தை 1986-ல் முன்வைத்த ஜேம்ஸ் புட்னியும் பரோடிட் என்ற, காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் நெடுநாள் வேலை செய்தவர்தான். ஸ்டிம்1-ஐ 2005-லும் ஓராய்1-ஐ 2006-லும் கண்டுபிடிக்கும்வரை, அந்தக் கருத்துக்கு உரிய புரதங்கள் எவை என்று தெரியாமலே 20 ஆண்டுகள் ஓடின.

கேள்வி: மேடையில் பேசப் போகும்போது எனக்கு வாய் காய்ந்துவிடுகிறது. சிம்பதெட்டிக் நரம்பு சுரப்பியை நிறுத்திவிடுவதால் என்று எங்கோ படித்தேன். சரியா?

பதில்: பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் சரியல்ல. பயத்திலும் அவசரத்திலும் உடலை உசுப்பும் சிம்பதெட்டிக் நரம்பும் உமிழ்நீரைச் சுரக்க வைக்கும் நரம்புதான். அது விடும் நார்அட்ரினலின், சைக்ளிக் ஏஎம்பி என்ற வேறொரு தூதரைக் கூட்டி, செல்லுக்குள் பொதியாக இருக்கும் புரதங்களை வெளியேற்றுகிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதி அப்படித்தான் வருகிறது. அதனால் எச்சில் அளவில் குறைவாகவும் கெட்டியாகவும் இருக்கும். நீர் பெருக்கெடுக்கப் பாராசிம்பதெட்டிக் நரம்பும் கால்சியமும் வேண்டும். பயத்தில் நடப்பது என்னவென்றால், மூளையின் மேல்பகுதிகள் மூளைத்தண்டில் உள்ள உமிழ்நீர் மையத்தை அடக்கிவிடுகின்றன. பாராசிம்பதெட்டிக் செய்தி குறைகிறது, அசிட்டைல்கோலின் குறைகிறது, கால்சியம் எழவில்லை. சுரப்பியில் கோளாறு எதுவும் இல்லை. பேசத் தொடங்கும் முன் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது என்கிறீர்கள். அதை யார், எப்படிப் பார்த்தார்கள்?

பதில்: நானே பார்த்திருக்கிறேன், அந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஃபியூரா-2 என்றொரு சாயம் உண்டு. ரோஜர் சியனின் குழு 1985-ல் வெளியிட்டது. 340 நானோமீட்டர், 380 நானோமீட்டர் என்று இரண்டு புறஊதா அலைநீளங்களை மாற்றி மாற்றி அடிப்போம். கால்சியத்தோடு சேர்ந்த சாயம் முதலாவதற்கு அதிகம் ஒளிரும், சேராத சாயம் இரண்டாவதற்கு அதிகம் ஒளிரும். இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் கால்சியச் செறிவு கிடைக்கும். சுரப்பியை நொதியால் பிரித்து, சிறு சிறு அசினஸ்களாகக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டவைத்து, சாயத்தை ஏற்றி, இருட்டறையில் உட்கார்ந்து அசிட்டைல்கோலின் வகை மருந்து ஒன்றை ஓடவிடுவோம். கொஞ்சமாக விட்டால் கால்சியம் அலை அலையாக ஏறி இறங்கும். அதிகமாக விட்டால் ஒரே பாய்ச்சலில் ஏறி மேலேயே நிற்கும். திரையில் ஒவ்வொரு செல்லும் நிறம் மாறுவதைப் பார்க்கும்போது, சற்றுமுன் வரை கண்ணாடியில் அசையாமல் கிடந்தது உயிருள்ள ஒன்று என்று உறைக்கும்.

அந்தச் சோதனைகளில் கால்சியம் உச்சிப்பக்கத்தில் தொடங்கி அடிப்பக்கம் வரை அலையாகப் பரவுவதை நாங்கள் எல்லோரும் கண்டோம். சுரப்புக்கு அந்த முழு அலையும் தேவை என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. 2021-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் யூலின் குழு, சுரப்பியைப் பிரிக்காமல், உயிருள்ள எலியின் உடலிலேயே வைத்து, கால்சியத்தைக் கண்டால் ஒளிரும் புரதத்தைச் சுரப்பி செல்களில் உருவாக்கிப் பார்த்தது. நரம்பை இயல்பான வேகத்தில் தூண்டியபோது, கால்சியம் பெரும்பாலும் உச்சிப்பக்கத்தைத் தாண்டவே இல்லை. அங்கேயே எழுந்து, அங்கேயே அடங்கியது. நீரும் நன்றாகச் சுரந்தது. கண்ணாடித் துண்டில் நாங்கள் கண்ட முழு அலை, அளவுக்கு மீறிய தூண்டலின் விளைவு.

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் அண்மைக்கால ஆய்வுகளில் மிக முக்கியமானது இதுதான். எவ்வளவு கால்சியம் என்பதைவிட எந்த மூலையில், எத்தனை நொடி என்பதே முக்கியம் என்று அது காட்டிவிட்டது. கால்சியம் மாத்திரை பற்றிக் கேட்டவரும் இதைப் படித்தால் நான் ஏன் அவ்வளவு உறுதியாக மறுத்தேன் என்று புரியும்.

கேள்வி: எச்சில் ஏன் உப்புக் கரிக்கவில்லை? உப்பு முன்னால் போய்த்தான் தண்ணீர் வருகிறது என்றால் கரிக்க வேண்டுமே!

பதில்: நல்ல சந்தேகம். அசினஸில் சுரக்கும்போது அது ரத்த நீர் அளவுக்கு உப்பாகத்தான் இருக்கிறது. பிறகு நாளங்கள் வழியாக வரும்போது நாளச் செல்கள் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப எடுத்துக்கொண்டு, பொட்டாசியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்க்கின்றன. நாளச் சுவர் தண்ணீரை எளிதில் விடாது, அதனால் தண்ணீர் அப்படியே நிற்கும், உப்பு மட்டும் குறையும். இந்த இரண்டு கட்ட விளக்கத்தை 1954-ல் தைசென் குழுவினர் சொன்னார்கள். வேகமாகச் சுரக்கும்போது நாளத்துக்கு உப்பை எடுக்க நேரம் போதாது, அப்போது சோடியம் கூடுதலாக இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு அடிக்கடி சிறுநீர் போகும் தொல்லைக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தொல்லை குறைந்தது, ஆனால் வாய் ஒட்டிக்கொள்கிறது என்கிறார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். வயதுதான் காரணம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரின் பற்கள் சொத்தையாகிப் போயிருக்கின்றன. பெரியவர்களின் வாய் வறட்சிக்கு மிகப் பொதுவான காரணம் மருந்துகள்தான்.

சிறுநீர்ப்பைத் தசை சுருங்குவதும் எம்3 ஏற்பி மூலம்தான். ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்துகள் அந்த ஏற்பியை அடைத்துத் தொல்லையைக் குறைக்கின்றன. சுரப்பியில் இருப்பதும் அதே ஏற்பி என்பதால் அதையும் அடைத்துவிடுகின்றன. அசிட்டைல்கோலின் வந்து நிற்கும், உட்கார இடமிருக்காது, ஐபி3 உருவாகாது, கால்சியம் எழாது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே வழியில்தான் வாயை உலர்த்துகின்றன. இப்படி இரண்டு மூன்று மருந்துகள் ஒரே ஆளுக்குச் சேர்ந்தால் வறட்சி பல மடங்காகும்.

நல்ல செய்தி என்னவென்றால், இங்கே சுரப்பி பழுதாகவில்லை. அடைப்பு விலகினால் சுரப்பு திரும்பும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், அளவைக் குறைக்கலாமா, மஸ்கரினிக் ஏற்பியைத் தொடாத வேறு வகை மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு ஷோக்ரன் நோய் என்று சொல்லி பைலோகார்பின் கொடுத்திருக்கிறார்கள். எச்சில் கொஞ்சம் ஊறுகிறது, ஆனால் வியர்த்துக் கொட்டுகிறது. இது எப்படி வேலை செய்கிறது? வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

பதில்: பைலோகார்பின், தென் அமெரிக்கச் செடியொன்றின் இலையிலிருந்து எடுக்கப்பட்ட பழைய மருந்து. அசிட்டைல்கோலின் உட்காரும் அதே ஏற்பியில் தானும் உட்கார்ந்து, நரம்பு செய்யும் வேலையைச் செய்கிறது. மேலே மாணவிக்கு எழுதிய தொடர் முழுவதும் அதன் பிறகு தானாக ஓடும். ஆனால் மாத்திரைக்கு உமிழ்நீர்ச் சுரப்பி எது, வியர்வைச் சுரப்பி எது என்று தெரியாது. வியர்வைச் சுரப்பியிலும் மஸ்கரினிக் ஏற்பிதான். ஆகவே வியர்வை அந்த மருந்தோடு கூடவே வருவது. தாங்க முடியவில்லை என்றால் அளவை மாற்றவோ, செவிமெலின் என்ற மற்றொரு மருந்துக்குப் போகவோ மருத்துவரிடம் கேட்கலாம். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களும், குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. மனைவிக்கு இவை இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

இந்த மருந்து நோயைக் குணப்படுத்துவதில்லை. மீதி இருக்கும் செல்களைத் தட்டி எழுப்புகிறது. உட்கொண்ட சில மணி நேரம் பலன், அவ்வளவுதான். ஆகவே பலன் வேண்டியவரை சாப்பிட வேண்டியிருக்கும்.

இந்த நோயில் என்னை நெடுநாளாக உறுத்துவது ஒன்று உண்டு. ஹென்ரிக் ஷோக்ரன் என்ற ஸ்வீடன் கண் மருத்துவர் 1933-ல் இதை விவரித்தார். நோய் எதிர்ப்பு செல்கள் சுரப்பியைத் தாக்கி அழிக்கின்றன, அதனால் வறட்சி என்பது பாடநூல் விளக்கம். ஆனால் பல நோயாளிகளின் உதட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த திசுவைப் பார்த்தால், அசினஸ் செல்கள் கணிசமாக உயிரோடு இருக்கின்றன. அழிவு குறைவு, வறட்சி அதிகம். இருக்கும் செல்கள் ஏன் சுரக்கவில்லை? நோயாளிகளின் சுரப்பி செல்களில் ஐபி3 ஏற்பிகள் குறைந்திருப்பதாகவும் கால்சியம் சரியாக எழுவதில்லை என்றும் 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உயிர் இருந்தும் கால்சியச் செய்தி இல்லாத செல்கள். அந்தக் கண்ணியைச் சரிசெய்யும் மருந்து வந்தால், இழந்த சுரப்பில் ஒரு பகுதியை மீட்கலாம் என்பது என் நம்பிக்கை.

அப்புறம் ஒன்று. காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியில் வீக்கம் வந்து வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால் உடனே காட்டுங்கள். இந்த நோயில் நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கேள்வி: தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்து ஒரு வருடம் ஆகிறது. புற்று போய்விட்டது. எச்சில் மட்டும் திரும்பவில்லை. திரும்புமா?

பதில்: ஒளித்துப் பேச விரும்பவில்லை. உங்கள் சுரப்பிகளுக்கு எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதைப் பொறுத்தது. பரோடிட் சுரப்பிக்குச் சராசரி அளவு சுமார் 26 கிரேக்குள் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு மீளலாம். அதைவிட மிக அதிகம் என்றால் முழுதாகத் திரும்புவது அரிது. உங்கள் கதிர்வீச்சு மருத்துவரிடம் அந்த எண் இருக்கும். கேட்டுப் பாருங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வேகமாகப் பெருகாத செல்களைக் கதிர்வீச்சு அவ்வளவாகப் பாதிக்காது என்பது பொதுவிதி. உமிழ்நீர் செல்கள் மெதுவாகத்தான் பெருகுகின்றன, ஆனாலும் சில நாட்களிலேயே அடங்கிவிடுகின்றன. காரணத்தைத் தேடிய இந்து அம்புட்கரின் குழு எலிகளில் இப்படிக் கண்டது: கதிர்வீச்சு டிஆர்பிஎம்2 என்ற கால்வாயைத் தூண்டுகிறது, அதைத் தொடரும் நிகழ்வுகளில் ஒரு நொதி ஸ்டிம்1-ஐ வெட்டிவிடுகிறது. கிடங்கை நிரப்பச் சொல்லும் புரதமே போய்விட்டால் சுரப்பு நீடிக்காது. அந்த எலிகளுக்கு ஸ்டிம்1 மரபணுவைத் திரும்பக் கொடுத்தபோது உமிழ்நீர் கூடியது.

மனிதர்களில் வேறொரு வழியை முயன்றிருக்கிறார்கள். கதிர்வீச்சில் அசினஸ் செல்கள் போனாலும் நாளச் செல்களில் பல பிழைத்திருக்கும். அவை தண்ணீரை விடாதவை என்று மேலே சொன்னேன் அல்லவா? அவற்றுக்கு அக்வாபோரின்-1 மரபணுவைக் கொடுத்து நீர் விடும்படி செய்யும் சிகிச்சையின் முதல் மனித ஆய்வு முடிவுகளை ப்ரூஸ் பாமின் குழு 2012-ல் வெளியிட்டது. சிலருக்குச் சுரப்பு கூடியது, வறட்சி குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

அதுவரை பற்களைக் காப்பாற்றுங்கள். ஃபுளூரைடு கூடுதலாக உள்ள பற்பசையைப் பல் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். புளிப்பு மிட்டாய் வேண்டாம். எச்சில் ஊறும்தான், ஆனால் அமிலத்தைக் கழுவ எச்சில் போதாத வாயில் அது பல்லைக் கரைக்கும்.

கேள்வி: எனக்கு எச்சில் குறைவா, இல்லை மனப் பிரமையா என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?

பதில்: முடியும். பிரமை என்று யாராவது சொல்லியிருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். காலையில், சாப்பிட்டு, பல் தேய்த்து, குறைந்தது ஒன்றரை மணி நேரம் கழித்து உட்காருங்கள். நடுவில் எதையும் மெல்லவோ குடிக்கவோ வேண்டாம். ஒரு தடவை எச்சிலை விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். அதிலிருந்து 15 நிமிடம், ஊறும் எச்சிலை விழுங்காமல், மில்லி அளவு குறித்த சிறு கோப்பையில் துப்பிச் சேருங்கள். இழுத்து உறிஞ்ச வேண்டாம், தானாக ஊறுவது மட்டும். நுரை அடங்கியதும் அளவைப் பாருங்கள். சாதாரணமாக 4, 5 மில்லி இருக்கும். 1.5 மில்லியோ அதற்குக் கீழோ இருந்தால் சுரப்பு உண்மையிலேயே குறைவு. ஷோக்ரன் நோயைத் தீர்மானிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் எல்லையும் அதுவே. வேறொரு நாள் அதே நேரத்தில் இன்னொரு தடவை அளந்து, இரண்டு எண்களையும் தேதியோடு எழுதி, சாப்பிடும் மருந்துகளின் பெயர்களோடு மருத்துவரிடம் கொடுங்கள்.